அம்மாச்சி விழுந்தா யாருக்கு மணி அடிக்கணும்?

எழுதி ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு வழக்கமான சாக்கு சொல்லிடலாம். ஆனா உண்மையான காரணம் வேற. போன மார்கழியில ராஜபாளையத்துல எங்க அம்மாச்சி விழுந்துட்டாங்க. அதுக்கப்புறம் நான் படிச்சது, வாங்கினது, வாங்கிக் கட்டிக்கிட்டது எல்லாம் சேர்ந்து ஒரு கருத்து தேறியிருக்கு. அதைத்தான் இங்க கொட்டப் போறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

முதல்ல நடந்ததைச் சொல்லிடுறேன்.

அம்மாச்சிக்கு 78 வயசு. தாத்தா போனதுல இருந்து தனியாத்தான் இருக்காங்க. மாமா சிவகாசியில, பெரியம்மா ஸ்ரீவில்லிபுத்தூர்ல, நாங்க சென்னையில. "யார் வீட்டுக்கும் வரமாட்டேன், என் வீட்டுலதான் இருப்பேன்"னு ஒரே பிடிவாதம். மார்கழி மாசம்னா நாலரை மணிக்கே எந்திரிச்சு, குளிச்சு, வாசல் தெளிச்சு, பெரிய கோலமா போட்டாத்தான் அவங்களுக்கு நாள் தொடங்கும். அன்னைக்கும் அப்படித்தான் எந்திரிச்சிருக்காங்க. பின்கட்டுல குளியலறை வாசப்படியில கால் வழுக்கி, இடது கையை ஊணி விழுந்துட்டாங்க. மணிக்கட்டு போச்சு. இடுப்புலயும் அடி. எந்திரிக்க முடியல.

கத்தியிருக்காங்க. ஆனா மார்கழி விடியக்காலையில நம்ம ஊர் எப்படி இருக்கும்னு தெரியுமில்ல? தெருவுக்கு ஒரு கோயில், கோயிலுக்கு ரெண்டு ஸ்பீக்கர், திருப்பாவை ஓடிக்கிட்டு இருக்கு. ஆண்டாள் ஊருக்கு இவ்வளவு பக்கத்துல இருந்துக்கிட்டு அதைக் குறை சொல்லவும் முடியாது. ஆனா அவங்க சத்தம் யாருக்கும் கேக்கல. கிட்டத்தட்ட ரெண்டு மணி நேரம், மலைக்காத்து இறங்குற அந்தக் குளிர்ல, ஈரத் தரையில கிடந்திருக்காங்க.

கடைசியில எப்படிக் கண்டுபிடிச்சாங்க தெரியுமா? எதிர்வீட்டு அக்கா ஆறரை மணிக்கு கதவைத் திறந்து பார்த்திருக்காங்க. எங்க வாசல்ல கோலம் இல்ல. தண்ணிகூட தெளிக்கல. "மார்கழியில அம்மாச்சி கோலம் போடாம இருக்க மாட்டாங்களே"ன்னு கதவைத் தட்டி, பதில் இல்லைன்னதும் அவங்க பையனைப் பின்சுவர் ஏறிக் குதிக்க வச்சு, அப்படித்தான் வெளிய வந்துச்சு விஷயம்.

கையில கட்டு, ஆறு வாரம். (உலகத்துக்கே பேண்டேஜ் துணி நெய்யுற சத்திரப்பட்டி பக்கத்துலயே இருக்கு, அதனால துணிக்கு மட்டும் பஞ்சமில்லைன்னு அம்மாச்சியே ஜோக் அடிச்சாங்க. அவங்க அப்படித்தான்.)

எனக்குச் சிரிப்பு வரல. 2014-ல எங்க தாத்தா இதே குளியலறையிலதான் விழுந்தார். இடுப்பு எலும்பு முறிஞ்சு, ஆபரேஷன் பண்ணி, படுத்த படுக்கையாகி, சில மாசத்துல போயிட்டார். அப்ப நான் பிளஸ் டூ. விழுந்துதான் செத்தார்னு வீட்டுல யாரும் சொல்ல மாட்டாங்க, "வயசாச்சு, போயிட்டார்"னுதான் சொல்வாங்க. உலக சுகாதார நிறுவனம் கணக்குப்படி வருஷத்துக்கு சுமார் 6,84,000 பேர் உலகம் முழுக்க விழுந்து சாகுறாங்க. அதுல 80 சதவீதத்துக்கு மேல நம்மள மாதிரி நடுத்தர, ஏழை நாடுகள்ல. எல்லா வயசுக்காரங்களும் இதுல உண்டு, ஆனா அதிகமா சாகுறது 60 வயசுக்கு மேல உள்ளவங்கதான்.

இன்னொண்ணு, விழுறது ஒரு ஆபத்துன்னா விழுந்து கிடக்கிறது தனி ஆபத்து. ரொம்ப நேரம் ஒரே பக்கமா கிடந்தா தசை நசுங்கிச் சிதையும், அந்தக் கழிவு ரத்தத்துல கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். உடம்புல நீர் வத்தும், புண் வரும். 2008-ல இங்கிலாந்துல கேம்பிரிட்ஜ்ல 90 வயசு தாண்டினவங்களை ஒரு வருஷம் பின்தொடர்ந்து ஒரு ஆய்வு வந்துச்சு. விழுந்தவங்கள்ல 30 சதவீதம் பேர் ஒரு மணி நேரமோ அதுக்கு மேலயோ தரையில கிடந்திருக்காங்க. நிறைய பேர்கிட்ட உதவிக்கு அழுத்துற அலாரம் பட்டன் இருந்துச்சு. ஆனா அப்படிக் கிடந்த பெரும்பாலான நேரங்கள்ல அதை அழுத்தவே இல்லை! யாரையும் தொந்தரவு பண்ண வேணாம்னு நினைக்கிறது இங்கிலாந்து பாட்டிக்கும் ராஜபாளையம் அம்மாச்சிக்கும் பொதுக் குணம் போல.

சரி, நாமதான் பொட்டி தட்டுற ஆளாச்சே. அழுத்தாமலே தானா கண்டுபிடிக்கிற கருவி இருக்கேன்னு இறங்கினேன். ஆப்பிள் 2018-ல நாலாவது சீரிஸ் வாட்ச்ல இதைக் கொண்டு வந்தப்புறம் விஷயம் பிரபலம் ஆயிடுச்சு. விழுந்ததைக் கண்டுபிடிச்சா மணிக்கட்டுல தட்டும், ஒரு நிமிஷம் போல அசைவில்லைன்னா தானாவே அவசர உதவிக்கு போன் போடும். அந்த விலைக்கு நமக்குக் கட்டுப்படி ஆகாது. அதனால வேற ஒரு கம்பெனியோட சுமாரான விலை வாட்ச் ஒண்ணு வாங்கினேன். பேர் வேணாம். அதுக்கு ஸ்மார்ட்போன் பக்கத்துலயே இருக்கணும், அம்மாச்சிகிட்ட இருந்தது பட்டன் போன். ஆக போனும் வாங்கியாச்சு. பொதிகை எக்ஸ்பிரஸ் பிடிச்சு ஊருக்குப் போய் பெருமையா கையில கட்டிவிட்டேன்.

"ஏய்யா, இதெதுக்கு? தாத்தா போனப்புறம் இந்தக் கையில ஒண்ணும் போடல. இப்ப இதைப் போட்டுக்கிட்டு தெருவுல நடந்தா என்ன சொல்வாங்க?"

எனக்கு நிஜமாவே இது தோணல. மணிக்கட்டு சைஸ் யோசிச்சேன், பேட்டரி யோசிச்சேன், வாட்டர்ப்ரூஃப் யோசிச்சேன். வளையலைக் கழட்டின கையில ஒரு கறுப்புப் பட்டையை மாட்டுறோம்ங்கிறது மட்டும் தோணல. கொஞ்ச நேரம் பேசி, "சரி, உனக்காக"ன்னு போட்டுக்கிட்டாங்க.

இப்ப கொஞ்சம் தொழில்நுட்பம், போரடிச்சா அடுத்த பத்திக்குத் தாவிடுங்க. உள்ள இருக்கிறது ஆக்சிலரோமீட்டர், கைரோஸ்கோப்னு ரெண்டு சென்சார். சும்மா மேசையில கிடந்தாலும் ஆக்சிலரோமீட்டர் புவியீர்ப்பை 1 ஜி-ன்னு காட்டும். தடுமாறி விழுறப்ப ஒரு நொடிக்கும் குறைவான நேரம் அது பூஜ்யத்தை நோக்கி இறங்கும், தரையில மோதினதும் பெருசா எகிறும், அப்புறம் கை கிடக்கிற கோணம் மாறி அசைவு நிக்கும். இறக்கம், எகிறல், அமைதி... இந்த மூணும் வரிசையா வந்தா "விழுந்துட்டாங்க"ன்னு முடிவு பண்ணலாம். கேக்க ரொம்ப எளிமை. சிக்கல் என்னன்னா, வயசானவங்க எல்லாரும் மரம் சாயுற மாதிரி விழுறதில்ல. சுவரைப் பிடிச்சுக்கிட்டே சரிஞ்சு உக்காருவாங்க, கட்டில் விளிம்புல இருந்து நழுவுவாங்க. அதுல இறக்கமும் இருக்காது, எகிறலும் இருக்காது.

சரி, அந்த மாதிரி விழுறதையும் கத்துக்கொடுத்தா போச்சுன்னு தோணும். கத்துக்கொடுக்க டேட்டா வேணுமே, யார் விழுவா? கொலம்பியாவுல 2017-ல வெளியிட்ட 'சிஸ்ஃபால்'னு ஒரு பிரபலமான டேட்டா தொகுப்பு இருக்கு. 38 பேர். அதுல 15 பேர் வயசானவங்க. ஆனா நடக்கிறது, உக்காருறதுதான் அவங்ககிட்ட பதிவு பண்ணினது. விழுந்து காட்டினது எல்லாம் இளவட்டங்க. வயசானவங்கள்ல விழுந்து காட்டினது ஒரே ஒருத்தர், 60 வயசு, அவரும் ஜூடோ வீரர்! தப்பு அவங்க மேல இல்ல, 78 வயசுப் பாட்டியை "கொஞ்சம் விழுந்து காட்டுங்க"ன்னு யார் கேக்க முடியும்? 2012-ல ஒரு குழு 13 அல்காரிதங்களை எடுத்து, நிஜமா விழுந்த 29 சம்பவங்கள்ல சோதிச்சுப் பார்த்தாங்க. சராசரியா 57 சதவீதத்தைத்தான் பிடிச்சுது. அதுக்கப்புறம் கருவிகள் நிறையவே தேறியிருக்கு, மறுக்கல. ஆனா விளம்பரத்துல வர்ற மாதிரி நம்பிடாதீங்க.

எங்க கதைக்கு வர்றேன். வாட்ச் கட்டின ஒன்பதாவது நாள், காலையில பதினோரு மணி, நான் மீட்டிங்ல. போன் அலறுது. "விழுந்துவிட்டார்". உடம்பே சில்லிட்டுப் போச்சு. அம்மாச்சிக்குப் போன் போட்டா எடுக்கல. மாமாவுக்குப் போட்டேன், அவர் சிவகாசியில. மாமா பெரியம்மாவுக்குப் போட்டார். பெரியம்மா ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து ஆட்டோ பிடிச்சு, அரை மணி நேரம் கழிச்சுப் போய்ப் பார்த்தா... அம்மாச்சி கல்லுல துணி துவைச்சுக்கிட்டு இருக்காங்க. தூக்கி, ஓங்கி, படார்னு ஒரு அடி, அப்புறம் சோப்பு போட நிதானம். இறக்கம், எகிறல், அமைதி! போன் பட்டாசாலையில சார்ஜ்ல கிடந்திருக்கு, கேக்கல. (கட்டு பிரிச்ச கையோட துணி துவைக்கலாமான்னு பெரியம்மா போட்ட சத்தம் தனிக் கதை.)

ரெண்டாவது தடவையும் அதே துணி. மூணாவது தடவை அலாரம் வந்தப்ப, இதை எழுதவே கூச்சமா இருக்கு, நான் போனைத் திருப்பி வச்சுட்டு "மீட்டிங் முடியட்டும்"னு விட்டுட்டேன். இருபது நிமிஷம். நல்லவேளை அதுவும் பொய்தான். ஆனா அந்த இருபது நிமிஷத்தை நான் இன்னும் மறக்கல. அம்மாச்சி விழுந்துட்டாங்கன்னு ஒரு மெஷின் சொல்லுது, நான் டெப்ளாய்மெண்ட் பத்திப் பேசிக்கிட்டு இருக்கேன்.

அன்னைக்கு ராத்திரிதான் உறைச்சுது. சென்சார்ல கோளாறு இருக்கலாம், அடுத்த வெர்ஷன்ல சரியாகும். ஆனா அந்த அலாரம் எதுக்கு எனக்கு வருது? நான் இருக்கிறது ஐநூறு கிலோமீட்டருக்கு மேல. நான் பொதிகை ஏறினாலும் மறுநாள் காலையிலதான் போவேன். என் போன்ல மணி அடிச்சா அம்மாச்சிக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல. எனக்குத்தான் "நான் கவனிச்சுக்கிறேன்"னு ஒரு நிம்மதி. வெளியூர், வெளிநாட்டுல இருக்கிற பிள்ளைங்க ஊர்ல இருக்கிறவங்களுக்கு வாங்கி அனுப்புற பாதிக் கருவிங்க இந்த ரகம்தான்னு இப்ப நினைக்கிறேன். கோவிச்சுக்காதீங்க, நானும் அதுல ஒருத்தன்.

யாருக்கு மணி அடிக்கணும்? அஞ்சு நிமிஷத்துல நடந்து வந்து கதவைத் திறக்கக்கூடியவங்களுக்கு. எங்க விஷயத்துல எதிர்வீட்டு அக்காவுக்கு. அவ்வளவுதான். அவங்களுக்குப் பொய் அலாரம் ஒரு பெரிய விஷயமே இல்ல, ஜன்னல் வழியா எட்டிப் பார்த்து "என்ன அம்மாச்சி, துவைக்கிறீங்களா?"ன்னு ஒரு குரல், முடிஞ்சுது. எனக்கோ அது அரை மணி நேரம், மூணு ஊர், ஒரு ஆட்டோ.

உடனே கேப்பீங்க, அடுத்தவங்க மேல இவ்வளவு பொறுப்பைத் தூக்கி வைக்கலாமான்னு. எனக்கும் அந்தத் தயக்கம் இருந்துச்சு. போய்க் கேட்டேன். அக்கா சிரிச்சுட்டு, "இத்தனை வருஷமா நான் பாத்துக்கிட்டுதானே தம்பி இருக்கேன், இப்பத்தான் உனக்குத் தெரியுதா?"ன்னாங்க. பதில் சொல்ல முடியல.

அதுலதான் இன்னொரு விஷயமும் புரிஞ்சுது. எங்க வேலையில சர்வர் உயிரோட இருக்கான்னு பார்க்க 'ஹார்ட்பீட்'னு ஒண்ணு வைப்போம். "நான் செத்துட்டேன்"னு எந்த சர்வரும் மெசேஜ் அனுப்பாது. அதனால குறிச்ச நேரத்துக்கு "இருக்கேன், இருக்கேன்"னு சொல்லிக்கிட்டே இருக்கணும். சத்தம் வரலைன்னா ஏதோ ஆச்சுன்னு அர்த்தம். வாசல் கோலம் அதேதான். விழுந்ததைத் தேடாம, வழக்கமா நடக்கிறது நடக்கலையேன்னு பார்க்கிறது. சப்பான்ல சோஜிருஷி கம்பெனி 2001-லயே இப்படி ஒரு மின்சாரக் கெட்டில் கொண்டு வந்துச்சு. தனியா இருக்கிற வயசானவங்க டீ போட வெந்நீர் பிடிச்சா, பிள்ளைங்களுக்கு ஈமெயில் போகும். உடம்புல ஒண்ணும் மாட்ட வேணாம், சார்ஜ் போட வேணாம், குளிக்கிறப்ப கழட்ட வேணாம். பழக்கத்தை மாத்தாம பழக்கத்துமேலயே ஏறி உக்கார்ந்துக்கிட்ட கருவி. எனக்கு ரொம்பப் பிடிச்சுது. குறை என்னன்னா தாமதம். கோலத்தை நம்பினதுல ரெண்டு மணி நேரம் போச்சே. அதனால வாட்ச் வேணாம்னு சொல்லல, வாட்சும் வேணும், கோலமும் வேணும்.

சரி, விழுந்தப்புறம் ஓடுறதைப் பத்தியே பேசிக்கிட்டு இருக்கோம். விழாம இருக்க என்ன பண்ணினோம்? இங்கதான் என் கோபம் எல்லாம். அந்தக் குளியலறையில மூணு வருஷத்துக்கு முன்னாடி மாமா "மாடர்னா இருக்கட்டும்"னு பளபளன்னு டைல்ஸ் போட்டார். பழைய சொரசொரப்பு சிமெண்ட் தரையில அம்மாச்சி நாப்பது வருஷம் விழல. (தாத்தா விழுந்தாரே சார்னு கேக்காதீங்க, அது வாசப்படி. அரை அடி உசரம், அதை மட்டும் யாரும் இடிக்கல.) பின்கட்டுக்கு ஒரு ஜீரோ வாட்ஸ் பல்ப். குதிகால் தேஞ்ச ரப்பர் செருப்பு. வாட்சும் போனுமா நான் பதினஞ்சாயிரத்துக்கு மேல செலவு பண்ணினேன். படியைத் தட்டி சரிவாக்கி, கம்பி ரெண்டு பதிச்சு, சொரசொரப்பு டைல்ஸ் மாத்தி, எல்.இ.டி. லைட் போட கொத்தனார் கேட்டது அதுல பாதிகூட இல்ல.

அப்புறம் உடம்பு. பிரஷர் மாத்திரை, தூக்க மாத்திரை சாப்பிடுறவங்க சட்டுன்னு எந்திரிச்சா தலை சுத்தும், கட்டில்ல ஒரு நிமிஷம் உக்கார்ந்துட்டு எந்திரிக்கணும். கண்புரை இருந்தா தள்ளிப் போடக்கூடாது. இங்கிலாந்துல 2005-ல வந்த ஒரு ஆய்வுல, முதல் கண்ணுக்குச் சீக்கிரமே ஆபரேஷன் பண்ணின பெண்கள் விழுறது 34 சதவீதம் குறைஞ்சிருக்கு. நமக்கு மதுரையில 1976-ல இருந்து அரவிந்த் இருக்கு, கண் முகாம் போடாத ஊர் கம்மி. ஆனாலும் அம்மாச்சி "இந்தக் கண்ணு போதும்"னு ரெண்டு வருஷமா இழுத்தடிச்சாங்க, நாங்களும் விட்டுட்டோம். உடற்பயிற்சி, குறிப்பா நிலை தடுமாறாம நிக்கப் பழகுறது, விழுறதைச் சுமார் 23 சதவீதம் குறைக்கும்னு 2019-ல காக்ரேன் தொகுப்பாய்வு சொல்லுது. 23 சதவீதம் குறைக்கிற ஒரு மாத்திரை இருந்தா வரிசையில நின்னு வாங்க மாட்டோமா?

தமிழ்நாடு இதுல ஒண்ணும் தெரியாத மாநிலம் இல்ல. டாக்டர் வி.எஸ். நடராஜன் சென்னை அரசு பொது மருத்துவமனையில முதியோருக்குன்னு தனிப் பிரிவு தொடங்கினது 1978-ல. முதியோர் மருத்துவத்துல எம்.டி. படிப்பும் சென்னை மருத்துவக் கல்லூரியில 1996-லயே வந்துடுச்சு. 2021 மதிப்பீட்டுல நம்ம மாநிலத்துல 60 தாண்டினவங்க 13.6 சதவீதம், கேரளாவுக்கு அடுத்து நாமதான். 2021-ல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் பார்க்கிறாங்க, இயன்முறைப் பயிற்சியும் கொடுக்கிறாங்க. என் ஆசை எல்லாம், பிரஷர் பார்க்க வர்ற அந்த அக்கா அப்படியே பின்கட்டுக்கும் ஒரு நடை போய், படி எவ்வளவு உசரம், லைட் எரியுதா, பிடிக்கக் கம்பி இருக்கான்னு ஒரு தாள்ல டிக் அடிச்சுட்டுப் போகணும். அஞ்சு நிமிஷ வேலை. இதுக்கு எந்த சென்சாரும் வேணாம்.

இப்ப நிலவரம்? படி சரிவாயாச்சு. கம்பி பதிச்சாச்சு, அதுல அம்மாச்சி ஈரத் துண்டைக் காயப் போடுறாங்க, அது வேற விஷயம். கண்ணுக்கு வைகாசியில தேதி வாங்கியிருக்கோம். வாட்ச்ல முதல் நம்பர் எதிர்வீட்டு அக்கா, ரெண்டாவது அவங்க பையன், மூணாவது பெரியம்மா. நான் ஏழாவது இடத்துல இருக்கேன். துவைக்கிறப்ப மட்டும் வாட்சைக் கழட்டி ஜன்னல்ல வச்சிடுறாங்க. வீட்டுச் சாவி ஒண்ணு அக்காகிட்ட கொடுத்தாச்சு, இனி யாரும் சுவர் ஏறிக் குதிக்க வேணாம்.

பி.கு: போன வாரம் அக்கா போன் பண்ணாங்க. வாசல்ல கோலம் இல்லையாம், சாவியைப் போட்டு உள்ள போனா அம்மாச்சி போர்வையைப் போத்திக்கிட்டு தூங்குறாங்களாம். "ஒரு நாளாவது ஒரு மனுஷியைத் தூங்க விடுறீங்களாடி"ன்னு செம திட்டு. அக்காவுக்கு ஒரே சந்தோஷம் :-)